முதலில் போய்ப் பாருங்கள், ஃபைல் பிறகு வரட்டும்

வந்த கேள்வி இது: "தருமபுரி பக்கம் ஒரு சுயநிதி கலை அறிவியல் கல்லூரியில் நான்கு வருடமாக வணிகவியல் எடுக்கிறேன். போன வாரம் என்னை ஐக்யூஏசி (கல்லூரிக்குள் தரத்தைக் கவனிக்கும் குழு) ஒருங்கிணைப்பாளராகப் போட்டுவிட்டார்கள். இரண்டு வருடத்தில் நாக் (கல்லூரிகளை மதிப்பிட்டு அங்கீகாரம் தரும் நிறுவனம்) குழு வரும் என்கிறார்கள். எல்லாச் சுற்றறிக்கையிலும் 'தொடர் தர மேம்பாடு' என்று இருக்கிறது. அது உண்மையில் என்ன? ஃபைல் போடுவதைத் தாண்டி அதில் ஏதாவது இருக்கிறதா? எங்கிருந்து ஆரம்பிப்பது?"

ஃபைலைத் தாண்டி இருக்கிறதா என்று கேட்டீர்களே, அந்த ஒரு வரிக்காகவே உட்கார்ந்து நீளமாக எழுதுகிறேன். இருக்கிறது. பார்க்கப்போனால் விஷயம் முழுக்க ஃபைலுக்கு வெளியேதான் இருக்கிறது.

நான் ஆறு வருடம் ஓசூரில் இருசக்கர வாகனங்களுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். பிறகு படிப்பை முடித்துக்கொண்டு கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு கல்லூரிக்கு ஆசிரியராக வந்தேன். அங்கே ஏழு வருடம் ஐக்யூஏசி என் பொறுப்பில் இருந்தது. இரண்டு இடத்தையும் பார்த்ததில் எனக்குப் புரிந்த வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். கம்பெனியில் ஒரு மாற்றம் செய்தால், அது பலித்ததா என்று அதே இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்ப்பார்கள். கல்லூரியில் கூட்டம் போடுகிறோம், தீர்மானம் எழுதுகிறோம், நல்ல மனதோடு செய்யவும் செய்கிறோம். ஆனால் மூன்று மாதம் கழித்து அங்கே போய் என்ன மாறியது என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. தொடர் தர மேம்பாட்டில் 'தொடர்' என்ற சொல் நிற்பது அந்தத் திரும்பிப் பார்ப்பதில்தான்.

இந்தச் சிந்தனை எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. 1924-ல் வால்டர் ஷெவார்ட் என்ற அமெரிக்கர் ஒரே ஒரு பக்கக் குறிப்பில் ஒரு வரைபடத்தைப் போட்டுக் காட்டினார். ஓர் ஆலையில் பொருளுக்குப் பொருள் வரும் வித்தியாசத்தில் எது இயல்பான ஏற்ற இறக்கம், எது ஏதோ கெட்டுப்போனதற்கான அடையாளம் என்று பிரித்துப் பார்க்கும் வரைபடம் அது. அவரிடமிருந்து கற்ற எட்வர்ட்ஸ் டெமிங் 1950-ல் ஜப்பானுக்குப் போய்ப் பொறியாளர்களுக்கும் கம்பெனித் தலைவர்களுக்கும் வகுப்பெடுத்தார். அவர் பெயரில் ஜப்பானியர்கள் 1951 முதல் தரத்துக்கான டெமிங் பரிசு கொடுத்து வருகிறார்கள். திட்டமிடு, செய், பார், நிலைநிறுத்து என்ற நான்கு படிச் சக்கரம் அந்த வழியில்தான் உலகம் முழுக்கப் போனது. மூன்றாவது படியைச் 'சரிபார்' என்று சொல்வதைவிட 'ஆராய்ந்து பார்' என்று சொல்வதே டெமிங்குக்குப் பிடித்தது. அதில் அர்த்தம் இருக்கிறது. சரிபார்ப்பது என்றால் டிக் அடிப்பது. ஆராய்வது என்றால் நாம் நினைத்தது ஏன் நடந்தது, ஏன் நடக்கவில்லை என்று கற்றுக்கொள்வது.

இதெல்லாம் எங்கோ ஜப்பானில் நடந்த கதை என்று நம் பிள்ளைகள் நினைக்க வேண்டியதில்லை. 2002-ல் டெமிங் பரிசு பெற்ற டிவிஎஸ் மோட்டார் ஆலை நம் ஓசூரில்தான் இருக்கிறது. அதற்கு நான்கு வருடம் முன்பு, 1998-லேயே, அதே குழுமத்தின் சுந்தரம் கிளேட்டன் அந்தப் பரிசை இந்தியாவுக்கு முதல்முறையாகக் கொண்டுவந்தது. உங்கள் வகுப்பில் இருக்கும் மாணவர்கள் சிலரின் அண்ணனோ மாமாவோ சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து வரும்போது 'கைசன்' (சின்னச் சின்ன மாற்றங்களால் தொடர்ந்து மேம்படுத்துவது) என்ற ஜப்பானியச் சொல்லை வீட்டில் சொல்லியிருப்பார்கள். வீட்டில் இருக்கும் அந்த அறிவு கல்லூரிக்குள் இன்னும் வராமல் இருப்பதுதான் எனக்கு வருத்தம்.

நான் இருந்த கம்பெனியில் லைன் ஓரமாக ஒரு வெள்ளைப் பலகை இருக்கும். மணிக்கு ஒரு தடவை எத்தனை பீஸ் ரிஜெக்‌ஷன், எதனால் என்று ஆபரேட்டரே எழுத வேண்டும். ஒரு தடவை துளை போட்ட இடத்தில் பிசிறு அதிகமாக வந்தது. சூப்பர்வைசர் யாரையும் திட்டவில்லை. பிசிறு வந்த பீஸ்களை வந்த வரிசையிலேயே மேசையில் அடுக்கச் சொன்னார். அடுக்கிப் பார்த்தால், டூல் மாற்றுவதற்கு முன்னால் வந்த கடைசிப் பீஸ்களில்தான் பிசிறு இருந்தது. டூலைக் கொஞ்சம் முன்கூட்டியே மாற்றிப் பார்த்தார்கள். அடுத்த மூன்று ஷிஃப்டும் அதே பலகையைக் கவனித்தார்கள். எண்ணிக்கை இறங்கியது என்று உறுதியான பிறகு, மெஷின் மேல் தொங்கும் வேலைக் குறிப்பு அட்டையில் பழைய எண்ணை அடித்துப் புதிய எண்ணை எழுதினார்கள். மறுநாள் புது ஆள் வந்து நின்றாலும் அந்த அட்டையைப் பார்த்துத்தான் வேலை செய்வான். நான்காவது படி, அதாவது நிலைநிறுத்துவது, அந்த அட்டைதான்.

சரி, மாணவன் என்ன உதிரி பாகமா என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. நான் கல்லூரிக்கு வந்த புதிதில் என் சக ஆசிரியர்களும் இதைத்தான் கேட்டார்கள், அந்தக் கோபம் நியாயமானது. நாம் சரிசெய்யப் போவது மாணவனை இல்லை. அவன் வந்து சேரும் நேரம், நாம் பாடம் எடுக்கும் முறை, விடைத்தாளைத் திருப்பித் தரும் வேகம், ஆபீஸ் ஜன்னலில் அவன் நிற்கும் வரிசை, இவற்றைத்தான். டெமிங் வாழ்நாள் முழுக்கச் சொன்னதும் இதுதான்: பெரும்பாலான கோளாறு வேலை நடக்கும் முறையில் இருக்கிறது, வேலை செய்யும் ஆளிடம் இல்லை. அந்த முறையை மாற்றும் அதிகாரம் நிர்வாகத்திடம்தான் இருக்கிறது.

எங்கள் கல்லூரியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், விளக்கத்தைவிட அது பயன்படும்.

முதல் பீரியட் 9:15. ஒரு துறையில் இரண்டாம் ஆண்டு வகுப்பில் முதல் பீரியடுக்கு எப்போதும் பாதி பெஞ்ச் காலி. பசங்களுக்குப் பொறுப்பில்லை என்பதுதான் ஸ்டாஃப் ரூம் முழுக்க இருந்த கருத்து. அபராதம் போட்டோம். பெற்றோருக்குக் கடிதம் போட்டோம். 9:20-க்குக் கேட்டைச் சாத்தினோம். ஒரு மாதம் இப்படியே போனது. கேட்டுக்கு வெளியே நின்ற பிள்ளைகள் அடுத்த வண்டியில் வீட்டுக்குத் திரும்பிப் போனதுதான் மிச்சம். ஒரு பீரியட் போக வேண்டியது ஒரு நாளே போனது.

அப்புறம் நானும் உடற்கல்வி இயக்குநரும் ஐந்து நாள் கேட்டில் நின்றோம். கையில் கோடு போட்ட நோட்டு. மூன்றே பத்தி: எத்தனை மணிக்கு வந்தார், எந்த ஊர், எந்த பஸ். திட்டக்கூடாது, காரணம் கேட்கக்கூடாது, எழுத மட்டும் வேண்டும் என்று எங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நோட்டைப் புரட்டினால், தாமதமாக வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இரண்டே இரண்டு பஸ்ஸில் வந்தவர்கள். ஒன்று வேப்பனப்பள்ளி பக்கத்திலிருந்து, இன்னொன்று ராயக்கோட்டை பக்கத்திலிருந்து. இரண்டும் 9:20-க்கு மேல்தான் ஸ்டாப்புக்கு வருகின்றன. அங்கிருந்து கல்லூரிக்குப் பத்து நிமிட நடை. அதற்கு முந்தின வண்டி 7:30-க்கு. அதில் ஏன் வருவதில்லை என்று திங்கட்கிழமை ஒரு மாணவியிடம் கேட்டேன். "பால் சொசைட்டியில ஊத்திட்டு வர்றதுக்கே ஏழே முக்கால் ஆயிடும் சார். அந்த வண்டிய எங்க புடிக்கிறது?" என்றாள். வீட்டில் இரண்டு மாடு. அவள் கறந்து ஊற்றும் பாலில்தான் அவள் ஃபீஸே வருகிறது. அந்தப் பெண்ணைத்தான் ஒரு மாதம் பொறுப்பில்லாதவள் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

பஸ் நேரத்தை மாற்றச் சொல்லி மனு கொடுத்தோம். அது நம் கையில் இல்லாத விஷயம். மணி அடிப்பது நம் கையில் இருந்தது. முதல் பீரியடை 9:40-க்குத் தள்ளி, காலை இடைவேளையில் 10 நிமிடமும் மதிய இடைவேளையில் 15 நிமிடமும் குறைத்து, அந்த ஒரு துறைக்கு மட்டும் நான்கு வாரம் நடத்திப் பார்க்க முதல்வர் சம்மதித்தார். முழுக் கல்லூரிக்கும் ஒரேயடியாகச் செய்யாமல் ஒரு துறையில் செய்து பார்த்தது முக்கியம். தப்பாகப் போனால் திரும்பி வருவது சுலபம், எதிர்ப்பும் குறைவு.

நான்கு வாரம் கழித்து அதே கேட், அதே நோட்டு, அதே ஐந்து நாள். தாமதமாக வந்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள். இங்கேயே நிறுத்தியிருந்தால் வெற்றி என்று ரிப்போர்ட் எழுதியிருப்போம். ஆனால் வருகைப் பதிவேட்டில் மற்ற பீரியடுகளையும் பார்த்தபோது, மதியத்துக்குப் பிந்தின முதல் பீரியடில் புதிதாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. மதிய இடைவேளை சுருங்கியதால், இருந்த இரண்டு குடிநீர்க் குழாயில் வரிசை முடியவில்லை. பிள்ளைகள் தட்டைக் கழுவி, பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வகுப்புக்கு வர நேரமாகிவிட்டது. இன்னும் மூன்று குழாய் போட்டபிறகு அதுவும் சரியானது. அதன்பிறகுதான் முழுக் கல்லூரிக்கும் நேரத்தை மாற்றினோம். அடுத்த வருடம் ஒரு பஸ்ஸின் நேரம் மாறியது. அதனால் ஒவ்வொரு செமஸ்டர் தொடங்குவதற்கு முந்தின வாரமும் முக்கியமான வழித்தடங்களின் நேரத்தைக் கண்டக்டர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி, டைம்டேபிள் கமிட்டிக்குக் கொடுப்பது நடைமுறையாயிற்று. கம்பெனியில் மெஷின் மேல் தொங்கின அட்டை போல, எங்களுக்கு அந்தத் தாள்.

இதில் புத்தகத்தில் இருக்கும் எல்லாமே இருக்கிறது. பெயர் சொல்லாமலேயே நான்கு படியும் வந்துவிட்டது.

நீங்கள் வணிகவியல் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பி.காம். முதலாம் ஆண்டில் நிதிக் கணக்கியல் தாளில் வருடா வருடம் அரியர் குவியும். வழக்கமான மருந்து சிறப்பு வகுப்பு. சிறப்பு வகுப்பிலும் அதே ஆசிரியர், அதே போர்டு, அதே முறை. ஒரு தடவை இன்டர்னல் தேர்வு விடைத்தாள்களைக் கட்டி வைக்காமல், ஒரு பெரிய சார்ட் பேப்பரில் கட்டம் போட்டோம். இடப்பக்கம் மாணவர் எண், மேலே கேள்வி எண். பூஜ்ஜியம் வாங்கிய கட்டத்தில் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி. முழுக்கப் போட்டு முடித்துச் சுவரில் ஒட்டித் தள்ளி நின்று பார்த்தால், புள்ளிகள் பரவலாக இல்லை. இறுதிக் கணக்குகள் பற்றிய பத்து மதிப்பெண் கேள்வியின் பத்தியில் மட்டும் மேலிருந்து கீழ்வரை சிவப்பு.

ஏன்? அந்தக் கேள்வியை முடிக்கவில்லை. ஏன் முடிக்கவில்லை? நேரம் போதவில்லை. ஏன் போதவில்லை? பத்துத் தாளை எடுத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். பலர் வியாபாரக் கணக்குக்குக் கட்டம் போட்டு, தப்பாகப் போய் அடித்துவிட்டு, மறுபடி கோடு போட்டிருந்தார்கள். ஸ்கேலும் பென்சிலுமாகவே நேரம் போயிருக்கிறது. ஏன் தப்பாகப் போனது? "போர்டுல போடுறத அப்படியே எழுதிப்போம் சார். நாங்களா கோடு போட்டதே இல்ல" என்றான் ஒரு பையன். ஏன் போட்டதில்லை? வகுப்பில் அதற்கென்று நாம் ஒருநாளும் நேரம் கொடுத்ததில்லை. ஐந்து 'ஏன்' கேட்டதில், மாணவனின் சோம்பலில் தொடங்கிய விசாரணை நம் பாடவேளையில் வந்து நின்றது. டொயோட்டாவில் இந்த ஐந்து கேள்வி முறை பிரபலம். எங்களுக்கு அதற்குத் தேவைப்பட்டது ஒரு சார்ட்டும் ஒரு சிவப்புப் பேனாவும்தான்.

புதன்கிழமைதோறும் கடைசி 15 நிமிடம் வெள்ளைத் தாள் கொடுத்தோம். தொகை எதுவும் கிடையாது. வியாபாரக் கணக்கு, இலாப நட்டக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு மூன்றுக்கும் கோடு போட்டுத் தலைப்புகளை மட்டும் எழுத வேண்டும். இதோடு இன்னொரு யோசனையும் செய்தோம். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு 'அவுட்ஸ்டாண்டிங் எக்ஸ்பென்சஸ்' என்று கேள்வித்தாளில் பார்த்ததும் கை நின்றுவிடுகிறது. பிளஸ் டூவில் கொடுபடவேண்டிய செலவுகள் என்று படித்தது அதுதான் என்று தெரிவதில்லை. அதனால் ஒரு பக்கத்தில் சொற்பட்டியல் போட்டு நோட்டின் உள் அட்டையில் ஒட்டச் சொன்னோம்.

அடுத்த இன்டர்னலில் மறுபடி சார்ட். கோடு போட்டுப் பழகியது நன்றாகவே வேலை செய்தது, அந்தப் பத்தியில் சிவப்பு பாதிக்கும் கீழே போனது. சொற்பட்டியல் பாதிப் பேருக்குத்தான் உதவியது. பிளஸ் டூவில் கணக்குப்பதிவியலே எடுக்காமல் அறிவியல் பிரிவிலிருந்து வந்தவர்களுக்கு அந்தத் தமிழ்ச் சொல்லும் புதுசு, ஆங்கிலச் சொல்லும் புதுசு. அவர்களுக்குப் பட்டியலால் என்ன பயன்? அவர்களைத் தனியாகப் பிரித்து அடுத்த வருடம் அடிப்படையைச் சொல்லித்தரும் இரண்டு வார பிரிட்ஜ் கோர்ஸ் வைத்தோம். அதுவரை பிரிட்ஜ் கோர்ஸ் என்பது எல்லாரையும் ஒரு ஹாலில் உட்காரவைத்துப் போட்டோ எடுக்கும் நிகழ்ச்சியாக இருந்தது. யாருக்கு வேண்டும் என்று தெரிந்தபிறகுதான் அது உண்மையான வகுப்பாயிற்று.

இப்போது எண்களைப் பற்றி. ஒருங்கிணைப்பாளராக நீங்கள் அதிகம் கையாளப்போவது தேர்ச்சி விழுக்காடு. வகுப்பில் 40 பேர் என்றால் ஒரு மாணவர் 2.5 விழுக்காடு. மூன்று பேர் தேர்வன்று காய்ச்சலில் படுத்தால் 7.5 விழுக்காடு இறங்கிவிடும். இதற்குப் போய் ஆசிரியருக்கு மெமோ கொடுப்பதும், அடுத்த வருடம் தானாக ஏறும்போது பாராட்டு விழா வைப்பதும் இரண்டுமே தவறு. ஷெவார்ட் 1924-ல் பிரித்துக் காட்டியது இதைத்தான். குறைந்தது ஆறு செமஸ்டர் எண்களை ஒரே கோட்டில் போட்டுப் பாருங்கள். புள்ளிகள் கோட்டை ஒட்டி மேலும் கீழும் ஆடினால் அது இயல்பு. முழு முறையையும் மாற்றினால்தான் அந்தக் கோடு உயரும். ஒரே ஒரு புள்ளி மட்டும் எங்கோ தூரத்தில் விழுந்தால்தான் அந்த செமஸ்டரில் என்ன நடந்தது என்று தனியாகத் தேட வேண்டும்.

கிருஷ்ணகிரியில் ஜூன், ஜூலையில் வருகை குறைவதும் இப்படித்தான். மாம்பழ சீசன் முடியும்வரை மாங்கூழ் ஆலைகளில் வேலை இருக்கும். மாணவர்கள் பலர் அங்கே போவார்கள். அந்த இரண்டு மாத எண்ணை மார்கழி எண்ணோடு வைத்துப் பார்த்துத் துறைத் தலைவரைக் கேள்வி கேட்பதில் பயன் இல்லை. போன ஜூலையோடு இந்த ஜூலையை வையுங்கள்.

எண்களோடு சேர்ந்து வருவது பயம். இதை நான் மிகவும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். பயம் இருக்கும் இடத்தில் உண்மையான எண் கிடைக்காது. நான் பொறுப்பேற்றபோது செமஸ்டர் கடைசியில் மாணவர்களிடம் ஃபீட்பேக் ஃபார்ம் வாங்கும் வழக்கம் இருந்தது. ஆங்கிலத்தில் இருபது கேள்வி, மேலே மாணவர் பதிவு எண். கட்டைப் பிரித்தால் 'மிகச் சிறப்பு' என்ற கட்டத்தில் மேலிருந்து கீழே ஒரே நீளக் கோடு. ஒரு வகுப்பு முழுக்க அதே கோடு. பதிவு எண்ணை எழுதிவிட்டு எந்தப் பிள்ளை உண்மையைச் சொல்லும்? ஆசிரியர்களுக்கும் அதே பயம்தான், சம்பள உயர்வில் அந்த ஃபார்மைப் பார்ப்பார்கள் என்று பேச்சு இருந்தது.

மாற்றியது இவ்வளவுதான். செமஸ்டரின் ஆறாவது வாரத்தில், பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே, துண்டுச் சீட்டில் பெயரில்லாமல், தமிழில் மூன்று கேள்வி. எந்த இடத்தில் பாடம் விட்டுப்போனது? எது புரிந்தது? இந்த வகுப்பில் ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்? சீட்டுகளை அந்த ஆசிரியர் மட்டுமே படிப்பார். முதல்வருக்கும் நிர்வாகத்துக்கும் போகாது. ஐக்யூஏசிக்கு அவர் ஒரு வரி மட்டும் எழுதித் தருவார்: என்ன கேட்டார்கள், என்ன மாற்றினேன். அடுத்த வாரம் வகுப்பில் நின்று, "நீங்கள் சொன்னதில் இதை மாற்றுகிறேன், இதை இந்தக் காரணத்தால் மாற்ற முடியாது" என்று சொல்ல வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியை விட்டால் அடுத்த தடவை சீட்டு வெறுமையாக வரும். முதல் தடவை வந்த சீட்டுகளில் ஒன்று எனக்கு இன்றும் நினைவிருக்கிறது: "கடைசி பெஞ்சுக்கு போர்டு தெரியல, வெயில் அடிக்குது." மூன்று வருடம் அந்த அறையில் பாடம் எடுத்திருக்கிறேன். கடைசி பெஞ்சில் ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. ஜன்னலுக்குத் திரை போட்டோம்.

அடுத்து நாக் விஷயம். நாக் 1994-ல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அமைத்த நிறுவனம், தலைமையகம் பெங்களூரு. ஏழு அளவுகோல்கள், மொத்தம் 1000 புள்ளி என்ற கணக்கில் இணைவுக் கல்லூரிகளுக்குக் கற்பித்தல், கற்றல், மதிப்பீடு என்ற ஒரே அளவுகோலுக்கு 350 வைத்திருந்தார்கள். பல்கலைக்கழகங்களுக்கு அது 200. அதாவது நம்மைப் போன்ற கல்லூரியின் தரம் முதலில் வகுப்பறையில் இருக்கிறது என்று நாக்கே சொல்கிறது. 2024 ஜனவரியில் பழைய கிரேடு முறைக்குப் பதிலாக, அங்கீகாரம் உண்டு அல்லது இல்லை என்ற இருநிலை முறையும், அதற்கு மேல் ஐந்து படி நிலைகளும் வரும் என்று அறிவித்தார்கள். அதனால் சீனியர்களிடமிருந்து பழைய எஸ்எஸ்ஆர் (கல்லூரி நாக்குக்குக் கொடுக்கும் சுய ஆய்வு அறிக்கை) நகலை வாங்கி அப்படியே பின்பற்றாதீர்கள். விண்ணப்பிக்கும் நேரத்தில் நடப்பிலிருக்கும் கையேட்டை நாக் இணையதளத்திலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐக்யூஏசியின் அமைப்பைச் சம்பிரதாயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல்வர் தலைவர், ஆசிரியர்கள், நிர்வாகப் பிரதிநிதி, இவர்களோடு உள்ளூர் மக்கள் தரப்பில் ஒருவர், மாணவர், முன்னாள் மாணவர், வேலை கொடுப்போர் தரப்பில் ஒருவர் என்று வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கூட வேண்டும் என்றும் இருக்கிறது. அந்த வேலை கொடுப்போர் இடத்துக்குப் பெரிய பெயர் தேடாதீர்கள். ஓசூரிலோ பர்கூரிலோ ஓர் ஆலையில் தரப்பிரிவில் பத்து வருடம் ஷிஃப்ட் பார்த்த ஒருவரைக் கூப்பிடுங்கள். அவர் உங்கள் கல்லூரியின் முன்னாள் மாணவராகவே இருந்தால் இன்னும் நல்லது. எங்களிடம் வந்தவர் முதல் கூட்டத்திலேயே, "போன கூட்டத்துல செய்யறதா சொன்னது என்ன ஆச்சு?" என்றுதான் ஆரம்பித்தார். அதன்பிறகு எங்கள் மினிட்ஸின் முதல் பக்கம் எப்போதும் போன தடவையின் கணக்காகவே இருந்தது.

உங்கள் கையில் இல்லாதவையும் உண்டு. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நான்கு மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகளுக்குமான பெரியார் பல்கலைக்கழகம் 1997-ல் வந்தது. பாடத்திட்டம், பல்கலைத் தேர்வு அட்டவணை, முடிவு வெளியாகும் தேதி எல்லாம் அங்கேதான். அவற்றில் குறை இருந்தால் டீக்கடையில் பேசிவிட்டு விட்டுவிடாதீர்கள். பாடத்திட்டக் குழுவில் உங்கள் பகுதி ஆசிரியர் யாராவது இருப்பார். எந்த அலகுக்கு எத்தனை மணி நேரம் ஆனது, எந்தக் கேள்வியில் எத்தனை பேர் தவறினார்கள் என்று இரண்டு வருடக் கணக்கோடு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். குறை சொல்பவர் பேச்சைக் குழுவில் யாரும் குறித்துக்கொள்ள மாட்டார்கள், கணக்கோடு வருபவர் தாளை எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

ஆபீஸையும் மறக்க வேண்டாம். போனஃபைடு, ஸ்காலர்ஷிப், புதுமைப்பெண் திட்டத்துக்கான வங்கிக் கணக்கு, ஆதார் சிக்கல் என்று பிள்ளைகள் வகுப்பை விட்டுவிட்டு ஜன்னலில் நிற்கும் நேரம் அதிகம். ஒரு வாரம் யார் எதற்காக வந்தார், எத்தனை தடவை திரும்ப வந்தார் என்று எழுதுங்கள். பெரும்பாலும் என்னென்ன சான்று கொண்டுவர வேண்டும் என்று ஜன்னல் பக்கத்தில் தமிழில் ஒரு பலகை வைத்தாலே பாதி வரிசை குறையும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டீர்கள். ஏழு அளவுகோலுக்கும் ஏழு கமிட்டி போட்டு ஆரம்பிக்காதீர்கள். முதல் மாதம் கல்லூரியைச் சுற்றி நடங்கள். கேட், பஸ் ஸ்டாப், குடிநீர்க் குழாய், லைப்ரரி கவுன்டர், கடைசி பெஞ்ச். மாணவர்களுக்கு உண்மையில் வலிக்கிற ஒன்றை மட்டும் எடுங்கள். செலவில்லாமல் எண்ணக்கூடியதாக அது இருக்க வேண்டும். எண்ணுங்கள், ஒரு வகுப்பில் மாற்றிப் பாருங்கள், நான்கு வாரம் கழித்து அதே மாதிரி மறுபடி எண்ணுங்கள். பலிக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், பலிக்காததை எழுதிவைத்த கல்லூரியைத்தான் நான் நம்புவேன். ஒரு செமஸ்டருக்கு இரண்டு போதும். இரண்டு வருடத்தில் எட்டு வரும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பக்கம். மேலே என்ன பிரச்சினை, முதல் எண்ணிக்கை, தேதி. நடுவில் என்ன மாற்றினோம், யார் பொறுப்பு. கீழே இரண்டாவது எண்ணிக்கை, எது பலித்தது, எது பலிக்கவில்லை, இனி நடைமுறை என்ன. பின்பக்கத்தில் அந்தக் கேட் நோட்டின் நகலோ சார்ட்டின் போட்டோவோ. தேதியும் இடமும் பதியும் செயலியிலேயே போட்டோ எடுத்துவிடுங்கள், பின்னால் ஜியோடேக் கேட்பார்கள். ஐக்யூஏசி நாக்குக்கு அனுப்பும் வருடாந்திர அறிக்கையான ஏக்யூஏஆர் எழுத உட்காரும்போது இந்தப் பக்கங்களை வரிசையாக அடுக்கினாலே பெரும்பகுதி வந்துவிடும். குழு வருவதற்கு முந்தின மாதம் இரவு பதினொன்று வரை உட்கார்ந்து பழைய தேதியில் மினிட்ஸ் எழுத வேண்டிய நிலை உங்களுக்கு வராது.

எங்களுக்குக் குழு வந்த அன்று, அவர்களில் ஒருவர் அந்தக் கேட் நோட்டைக் கையில் எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். மழையில் நனைந்து ஓரம் சுருண்டிருந்த நோட்டு அது. "இந்த வேப்பனப்பள்ளி பஸ் இப்போது எத்தனை மணிக்கு வருகிறது?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற மாணவி, எங்களில் யாரையும் பார்க்காமல், உடனே நேரத்தைச் சொன்னாள்.